வயர் தப்பிச்சிடுச்சு, சேனல்தான் மாட்டிக்கிச்சு

இந்த வார எபிசோடில் கேபிள் டிவி பற்றிப் பேசினோம். நேரம் போதாமல் பாதியில் நின்ன விஷயத்தை இங்கே எழுதறேன். இது அமெரிக்கக் கதை. ஆனால் கனடா, லண்டன், சிட்னின்னு எங்கே இருந்தாலும், அப்பா அம்மா வீட்டு பில்லை ஒரு தடவை எடுத்துப் பார்த்தா உங்களுக்கும் நிறைய புரியும்.

"ஸ்ட்ரீமிங் வந்து கேபிள் கம்பெனியைக் கொன்னுடுச்சு" என்பதுதான் எல்லோரும் சொல்ற கதை. அது பாதிதான் சரி. கேபிள் என்று நாம ஒரே வார்த்தையில் சொல்றது உண்மையில் இரண்டு தொழில். ஒண்ணு வீட்டுக்கு வயர் இழுத்து மாசாமாசம் பில் அனுப்பற தொழில்: காம்காஸ்ட், சார்ட்டர், காக்ஸ் மாதிரி. இன்னொண்ணு அந்த வயரில் ஓடற சேனலை நடத்தற தொழில்: டிஸ்னி, வார்னர், பாரமவுண்ட் மாதிரி. நெட்ஃப்ளிக்ஸ் எறிஞ்ச கல் வயர்க்காரன் பக்கமா வந்தது, ஆனால் மண்டை உடைஞ்சது சேனல்காரனுக்கு.

வயர் எங்கேருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1940-களின் கடைசியில் பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவில் இருந்த சின்ன ஊர்களில் டிவி சிக்னல் எடுக்காது. டிவி விக்கிற கடைக்காரர்களுக்குக் கவலை. படமே வராத பெட்டியை யார் வாங்குவாங்க? மலை மேலே பெரிய ஆன்டெனா வெச்சு, அங்கேருந்து ஊருக்குள்ளே வயர் இழுத்தாங்க. அவ்வளவுதான் கேபிள். சொந்தமா நிகழ்ச்சி எதுவும் கிடையாது. 1975-ல் எச்பிஓ சாட்டிலைட் வழியா நாடு முழுக்க சிக்னல் அனுப்ப ஆரம்பிச்ச பிறகுதான் கேபிளுக்கென்றே சேனல்கள் பிறந்தன. 1979-ல் இஎஸ்பிஎன், 1980-ல் சிஎன்என்.

அப்புறம் 1992-ல் ஒரு சட்டம். ஏபிசி, என்பிசி, ஃபாக்ஸ் மாதிரி ஆன்டெனாவில் இலவசமா வர்ற நிலையங்களைத் தன் வயரில் காட்ட, கேபிள் கம்பெனி அனுமதி வாங்கணும் என்றது அது. நிலையங்கள் காசு கேட்டன, கேபிள்காரர்கள் கொடுக்க மாட்டேன் என்றார்கள். கடைசியில் ஒரு பண்டமாற்று நடந்தது. காசுக்குப் பதில், "எங்க புது சேனல் ஒண்ணை உங்க லிஸ்டில் சேர்த்துக்கோங்க." இஎஸ்பிஎன் 2, எஃப்எக்ஸ் எல்லாம் 1993, 1994-ல் இந்த வழியாத்தான் உள்ளே வந்தன. உங்க டிவியில் யாருமே கேட்காத 200 சேனல் ஏன் இருக்குன்னு யோசிச்சிருப்பீங்களே, அதுக்கு ஒரு முக்கியமான காரணம் இதுதான். பேரம் பேசற மேசையில் சில்லறை மாதிரி சேனல்கள் அச்சடிக்கப்பட்டன.

இந்த மூட்டைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு. ஒவ்வொரு சேனலும் வீட்டுக்கு இவ்வளவு என்று கேபிள் கம்பெனிகிட்ட மாசம் ஒரு தொகை வாங்கும். நீங்க பார்த்தீங்களா இல்லையா என்பது அதுக்குத் தேவையில்லை. இஎஸ்பிஎன் உச்சத்தில் இருந்த 2011 வாக்கில் சுமார் 10 கோடி வீடுகளில் இருந்தது. அதில் எத்தனையோ வீடுகளில் ஒரு மேட்ச் கூடப் பார்க்க மாட்டாங்க. சமையல் நிகழ்ச்சி மட்டும் பார்க்கிற பாட்டி கூட மாசாமாசம் இஎஸ்பிஎன்-க்குக் கப்பம் கட்டிக்கிட்டு இருந்தாங்க. அமெரிக்க விளையாட்டு லீக்குகளின் டிவி ஒப்பந்தங்கள் அந்த அளவுக்கு வீங்கினதுக்கு அந்தப் பாட்டிகளின் பணமும் ஒரு காரணம்.

இவ்வளவு சுகமான தொழிலில் இருந்தவங்க நெட்ஃப்ளிக்ஸைப் பார்த்துப் பயப்படாததில் ஆச்சரியமில்லை. 2008-ல் ஸ்டார்ஸ் சேனல், டிஸ்னி, சோனி படங்களைச் சேர்த்தே நெட்ஃப்ளிக்ஸுக்கு ஸ்ட்ரீம் பண்ணக் கொடுத்தது. 2010 டிசம்பரில், எச்பிஓவை வைத்திருந்த டைம் வார்னரின் தலைவர் ஜெஃப் பியூக்ஸ், நெட்ஃப்ளிக்ஸை அல்பேனிய ராணுவத்தோடு ஒப்பிட்டுக் கிண்டல் பண்ணினார். அது போய் உலகத்தையே பிடிச்சிடுமா என்ற தொனியில். 15 வருஷம் கழிச்சு, 2025 டிசம்பரில், வார்னர் ஸ்டுடியோவையும் எச்பிஓவையும் வாங்க அதே நெட்ஃப்ளிக்ஸ் விலை பேசினது. அந்தப் பேச்சில் எனக்குப் பிடிச்ச இடம் எது தெரியுமா? கேபிள் சேனல்கள் மட்டும் எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கி வெச்சுட்டுத்தான் விலை சொன்னாங்க.

இப்போ வயருக்குள்ளே போவோம். நம்ம மாதிரி ஆட்களுக்கு இதுதான் சுவாரஸ்யமான பகுதி.

கேபிள் வயரை ஒரு அகலமான ரோடுன்னு வெச்சுக்கோங்க. ரோடு மொத்தம் சுமார் 750 மெகாஹெர்ட்ஸ் அகலம், அதைத் தலா 6 மெகாஹெர்ட்ஸ் லேன்களா பிரிச்சிருக்காங்க. அனலாக் காலத்தில் ஒரு லேனுக்கு ஒரு சேனல். நூத்துச் சொச்சம் சேனல் போட்டா ரோடு நிறைஞ்சிடும். டிஜிட்டல் வந்த பிறகு அதே லேனில் வினாடிக்கு சுமார் 38 மெகாபிட் அனுப்ப முடிஞ்சது. பத்து சாதா சேனல், இல்லைன்னா இரண்டு மூணு எச்டி சேனல். ஆனால் பழக்கம் மாறலை. யாரும் பார்க்காத சேனலும் ராத்திரி பகலா எல்லா வீட்டுக்கும் ஓடிக்கிட்டே இருக்கும், ஆளில்லாத பஸ் ஊரைச் சுத்தற மாதிரி.

இன்டர்நெட்டும் இதே ரோட்டில்தான் ஓடுது. டாக்சிஸ் என்ற தரம் 1997-ல் வந்தப்போ அதுக்கு ஒரே ஒரு லேன் கொடுத்தாங்க. 2006-ல் வந்த டாக்சிஸ் 3.0 பல லேன்களை ஒண்ணாக் கட்டி ஒரே பைப்பா பயன்படுத்த வழி பண்ணினது. அன்னிக்கே கணக்கு மாறிடுச்சு. ஒரு சேனலைத் தூக்கினா அதன் இடம் இன்டர்நெட்டுக்குக் கிடைக்கும். சேனலுக்கு வாங்கற காசில் பெரும்பகுதியை டிஸ்னிக்கும் வார்னருக்கும் எண்ணி வைக்கணும். இன்டர்நெட்டுக்கு வாங்கற காசில் யாருக்கும் அப்படிப் பங்கு கிடையாது. நீங்க கேபிள் கம்பெனி முதலாளின்னா எந்தப் பக்கம் சாய்வீங்க?

கேபிள் ஒன் என்ற கொஞ்சம் சின்னக் கம்பெனி இதை முதலில் வெளிப்படையா செஞ்சது. 2014-ல் வயாகாம் சேனல்கள் விலை ஏத்தினப்போ, எம்டிவி, நிக்கலோடியன் எல்லாத்தையும் மொத்தமா எடுத்துட்டாங்க. வாடிக்கையாளர் கோச்சுக்கிட்டு டிவியை விட்டா விடட்டும், இன்டர்நெட்டை விட மாட்டார் என்பது அவங்க கணக்கு. 2015-ல் காம்காஸ்டிலேயே டிவி வாடிக்கையாளர்களை இன்டர்நெட் வாடிக்கையாளர்கள் எண்ணிக்கையில் தாண்டினாங்க. நீங்க "கேபிளைக் கட் பண்ணிட்டேன்"னு பெருமையாச் சொல்லிட்டு நெட்ஃப்ளிக்ஸ் பார்க்கிறது பெரும்பாலும் அதே கம்பெனியின் அதே வயரில்தான்.

இந்த மாற்றம் எல்லோர் கண்ணுக்கும் தெரிஞ்ச நாள் 2023 ஆகஸ்ட் 31. அன்னிக்கு சாயங்காலம் சார்ட்டரின் ஸ்பெக்ட்ரம் வீடுகளில், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வீடுகளில், டிஸ்னி சேனல்கள் எல்லாம் இருட்டாகிடுச்சு. யூஎஸ் ஓப்பன் டென்னிஸ் நடந்துக்கிட்டு இருக்கு, காலேஜ் ஃபுட்பால் சீசன் தொடங்குது. இந்த மாதிரி சண்டை முன்னேயும் எத்தனையோ தடவை வந்திருக்கு. எப்பவும் விலையில்தான் சண்டை, கடைசி நிமிஷத்தில் கேபிள் கம்பெனி இறங்கி வரும்.

இந்தத் தடவை சார்ட்டர் கேட்டது வேற. "நாங்க உங்களுக்கு வருஷத்துக்கு 220 கோடி டாலருக்கு மேல் கொடுக்கறோம். நீங்க நல்ல சீரிஸ், படம் எல்லாத்தையும் டிஸ்னி பிளஸ்ல போட்டுட்டு மிச்சத்தை எங்க வயரில் அனுப்பறீங்க. எங்க வாடிக்கையாளர் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை ஏன் காசு கொடுக்கணும்? டிஸ்னி பிளஸ்ஸையும் சேர்த்துக் கொடுங்க." சுருக்கமா இதுதான் வாதம். கூடவே முதலீட்டாளர்களைக் கூப்பிட்டு, சரிப்பட்டு வரலைன்னா டிவி தொழிலையே விட்டுட்டுப் போக நாங்க தயார் என்கிற மாதிரி விளக்கமும் கொடுத்தாங்க. இது வெறும் மிரட்டல் இல்லை என்று டிஸ்னிக்குத் தெரியும். சார்ட்டருக்கு சுமார் 3 கோடி இன்டர்நெட் வாடிக்கையாளர்கள், டிவியைப் போல இரண்டு மடங்கு. டிவி போனாலும் அவங்க சாப்பிடலாம். இஎஸ்பிஎன் இல்லாத ஒன்றரைக் கோடி வீட்டை டிஸ்னியால் தாங்க முடியாது.

செப்டம்பர் 11, அந்த சீசனின் முதல் மண்டே நைட் ஃபுட்பாலுக்குச் சில மணி நேரம் முன்னே ஒப்பந்தம் ஆச்சு. டிஸ்னிக்கு விலை ஏத்தம் கிடைச்சது. பதிலுக்கு விளம்பரம் வர்ற டிஸ்னி பிளஸ் ஸ்பெக்ட்ரம் டிவி பேக்குக்குள்ளே வந்தது. ஃப்ரீஃபார்ம், டிஸ்னி ஜூனியர் உட்பட எட்டு சேனல் வெளியே போச்சு. 90-களில் சில்லறையா அச்சடிச்ச சேனல்களை இப்போ சில்லறையாவே திருப்பிக் கொடுத்த மாதிரி. (2025-ல் அந்த எட்டும் திரும்ப வந்தன, அது வேற பேரம்.)

பிறகு நடந்ததெல்லாம் வேகமா நடந்தது. 2024 ஆகஸ்டில், ஒரே வாரத்தில், வார்னர் தன் டிவி சேனல்களின் மதிப்பிலிருந்து 910 கோடி டாலரையும் பாரமவுண்ட் சுமார் 600 கோடி டாலரையும் கணக்கில் கழிச்சாங்க. அதே வருஷம் நவம்பரில் காம்காஸ்ட் தன் கேபிள் சேனல்களில் பெரும்பாலானதைத் தனிக் கம்பெனியாப் பிரிக்கப் போறதா அறிவிச்சது. வயரை மட்டும் தன்கிட்டயே வெச்சுக்கிட்டது, கவனிச்சீங்களா? 2025 மே மாசம் நீல்சன் கணக்கில், அமெரிக்காவில் டிவி முன்னால் செலவான நேரத்தில் ஸ்ட்ரீமிங்குக்கு 44.8 சதவீதம், கேபிளும் ஆன்டெனா நிலையங்களும் சேர்ந்து 44.2. இஎஸ்பிஎன் இருக்கிற வீடுகள் 6.6 கோடியாக் குறைஞ்சிருந்தது.

இங்கே நம்ம வீட்டுக் கதை ஒண்ணு வருது. சேனலைத் தனியா வாங்கினா என்ன ஆகும் என்று தமிழ் வீடுகளுக்கு எப்பவோ தெரியும். சன் டிவி வேணும்னா டிஷ் டப்பா மாட்டி, அதுக்குத் தனியா ஒரு தமிழ் பேக் வாங்கணும். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரப் பாட்டி யாரும் நம்ம சீரியலுக்குக் கப்பம் கட்டலை. பார்க்கிறவங்க குறைவு, அதனால் ஒரு வீட்டுக்கு விலை அதிகம். அதனால்தான் 2017-ல் சன் நெக்ஸ்ட் மாதிரி ஆப்கள் வந்ததும், எங்கேயோ கடையில் வாங்கின "எல்லா சேனலும் வரும்" பாக்ஸும், நம்ம ஹால்களில் இவ்வளவு சீக்கிரம் இடம் பிடிச்சது. அந்த பாக்ஸ் திருட்டு சிக்னல் என்று நம்ம மாமாக்கள் யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அது வேற எபிசோட்.

இப்போ அதே தமிழ் பேக் கணக்கு அமெரிக்கா முழுக்க வந்துடுச்சு. 2025 ஆகஸ்டில் இஎஸ்பிஎன் கேபிள் இல்லாமலே தனியா விற்க ஆரம்பிச்சது. விலை மாசம் 29.99 டாலர். பாட்டிகள் கழன்றுக்கிட்டா ரசிகன் எவ்வளவு கொடுக்கணும் என்பதுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. யூடியூப் டிவி 2017-ல் 35 டாலருக்குத் தொடங்கினது, 2025 ஜனவரியில் 82.99. அதே வருஷம் அக்டோபர் 30-ல் டிஸ்னியோடு சண்டை, இரண்டு வாரம் இருட்டு. கம்பெனி பேரை மாத்திப் போட்டா 2023 செய்தியையே மறுபடி ஓட்டலாம்.

வயர்க்காரன் நிம்மதியா இருக்கானா என்றால், அதுவும் இல்லை. டி-மொபைலும் வெரைசனும் 5ஜி டவரிலிருந்தே வீட்டு இன்டர்நெட் கொடுக்கறாங்க. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த இன்டர்நெட் உதவித் தொகையும் 2024 ஜூனோடு நின்னுடுச்சு. அந்த வருஷம் காம்காஸ்ட், சார்ட்டர் இரண்டுமே இன்டர்நெட் வாடிக்கையாளர்களை இழந்தன. 2025 மே மாசம் சார்ட்டர் காக்ஸை 3,450 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. அதை வளர்ச்சி என்பதைவிட ஒதுங்க ஒரு பெரிய குடை தேடினாங்க என்றே நான் படிக்கிறேன்.

சரி, வார இறுதியில் வீட்டுக்குப் போறவங்களுக்கு ஒரு வேலை. அப்பாவோட கேபிள் பில்லில் "பிராட்காஸ்ட் டிவி" என்று ஒரு கட்டணம் தனியா இருக்கான்னு பாருங்க. காம்காஸ்ட் அதை 2014-ல் ஒன்றரை டாலருக்குத் தொடங்கினது. 1992 சட்டத்தின் வாரிசு அதுதான்; ஆன்டெனாவில் இலவசமா வர்ற நிலையங்களுக்காக வாங்கற காசு. உங்க ஊரில் சிக்னல் நல்லா எடுத்தா, ஒரு சின்ன ஆன்டெனா வாங்கி ஜன்னல் ஓரம் வெச்சா அந்த நிலையங்கள் இலவசமாவே வரும். ஆனால் டிவியைக் கட் பண்றதுக்கு முன்னே, இன்டர்நெட் மட்டும் வாங்கினா மாசம் எவ்வளவுன்னு போன் பண்ணிக் கேளுங்க. பண்டில் தள்ளுபடி போயிடும், மிச்சமாகற தொகை நீங்க நினைக்கிறதைவிடக் குறைவா இருக்கும். அம்மாவோட சீரியல் எந்த ஆப்பில் வருதுன்னும் முதல்லயே பார்த்து வெச்சுக்கோங்க. அதைப் பார்க்காம கட் பண்ணினா, இரவு எட்டு மணிக்கு போன் உங்களுக்குத்தான் வரும்.