நதியைத் தொலைத்த ஊரின் ஞாயிற்றுக்கிழமை

பிரேசிலின் முதல் நீச்சல் நட்சத்திரமான மரியா லெங்க் நீந்தக் கற்றது ஆற்றில். சிறுமியாக இருந்தபோது நிமோனியா கண்டு தளர்ந்துபோன மகளின் நுரையீரல் தேறட்டும் என்று, அவருடைய தந்தை அவரை சாவோ பாவ்லோ நகரத்துத் தியெத்தே ஆற்றில் இறக்கிவிட்டார். 1932இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பெண் நீந்தினார். வயது 17. தென் அமெரிக்காவிலிருந்து ஒலிம்பிக் களம் கண்ட முதல் பெண் அவர்தான்.

இன்று அதே தியெத்தே, இரு கரையிலும் விரைவுச்சாலைகள் நெருக்க, நடுவே கறுத்து ஓடும் ஒரு வாய்க்கால். ஜன்னலை ஏற்றிவிட்டுக் காரில் கடந்து போகிறார்கள். இந்த ஊர் தன் ஓய்வு நேரத்தை எங்கே கழித்தது, எங்கே கழிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் இந்த ஆற்றங்கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1899இல் இத்தாலியக் குடியேறிகள் எஸ்பேரியா என்ற சங்கத்தை ஆற்றோரம் தொடங்கினார்கள். 1907இல் தியெத்தே படகுச் சங்கம் வந்தது. ஞாயிறு என்றால் துடுப்புப் படகுப் பந்தயம், நீச்சல், கரையில் குடும்பத்தோடு கட்டுச்சோறு. 1924 முதல் நகரத்தின் ஊடாக ஆற்றிலேயே நீந்திக் கடக்கும் போட்டி ஒன்று நடந்தது. மரியா லெங்க் அதில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்றார். வெள்ளம் வடிந்த ஆற்றங்கரைச் சமவெளியில் தொழிலாளர்கள் கோல் கம்பம் நட்டுக் கால்பந்து ஆடினார்கள். அந்தச் சமவெளிக்குப் போர்ச்சுகீசிய மொழியில் 'வார்ஸியா' என்று பெயர். சமவெளி போய்விட்டது, ஆனால் பேட்டைக்குப் பேட்டை ஆடும் சாதாரண மக்களின் பந்தாட்டத்தை இன்றும் வார்ஸியா கால்பந்து என்றுதான் சொல்கிறார்கள். மண் போன பிறகும் சொல் நிற்கிறது.

1944இல் அந்த ஆற்று நீச்சல் போட்டி கடைசியாக நடந்தது. ஆலைக்கழிவும் வீட்டுச் சாக்கடையும் ஆற்றில் கலந்தன. வளைந்து வளைந்து ஓடிய நதியை நேர்கோடாக்கினார்கள். மிச்சமான கரை கார்களுக்குப் போனது. 1920இல் 5 லட்சத்து 79 ஆயிரம் பேர் இருந்த ஊர், 2022 கணக்கெடுப்பில் 1 கோடியே 14 லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு பெருத்த ஊரில் ஆறு நாறத்தானே செய்யும் என்று சிலர் சொல்லலாம். நான் ஒப்ப மாட்டேன். பொறியாளர் பிரெஸ்தஸ் மாயா 1930இல் ஒரு பெருஞ்சாலைத் திட்டம் வகுத்தார். பின்னர் அவரே மேயரானார். ஓடைகள் இருந்த பள்ளத்தாக்குகளில் சாலைகள் வந்தன. ஊர் தெரிந்தே செய்துகொண்ட தேர்வு அது.

அந்தத் தேர்வின் உச்சம் 'மின்யொக்காவ்'. பெரிய மண்புழு என்று பொருள். நகர மையத்தில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நெளிந்து போகும் இந்த மேம்பாலம், ராணுவ ஆட்சியின் நடுவில், 1971 ஜனவரியில் திறக்கப்பட்டது. ராணுவ ஜனாதிபதி கோஸ்தா இ சில்வாவின் பெயரை வைத்தார்கள். சில இடங்களில் பாலத்துக்கும் வீட்டு ஜன்னலுக்கும் 5 மீட்டர்தான் இடைவெளி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் எதிரே லாரி. பாலத்துக்குக் கீழே, ஒரு காலத்தில் திரையரங்குகளும் உணவகங்களும் ஜொலித்த சாவோ ஜோவாவ் பெருஞ்சாலை பட்டப்பகலிலேயே இருண்டது. வசதி உள்ளவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள்.

சத்தம் தாங்க முடியவில்லை என்ற முறையீட்டில் 1976இல் இரவு நேரத்தில் பாலத்தை மூடினார்கள். லூயிசா எருந்தினா மேயராக இருந்த 1989–92 காலத்தில் ஞாயிறுகளிலும் கார் நின்றது. 2018 முதல் சனிக்கிழமையும் சேர்ந்துகொண்டது. கார் நின்ற இடத்துக்கு மக்கள் தாமாக ஏறி வந்தார்கள். பூங்கா என்று யாரும் அறிவிக்கும் முன்பே வந்தார்கள், ஒரு செடிகூட நடப்படாத சாலைக்கு. குழந்தைகள் சைக்கிள் பழகினார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். தாரில் பாய் விரித்து வெயில் காய்ந்தார்கள். எஸ்பராமா என்ற நாடகக் குழு பாலத்தைப் பார்த்த தன் ஜன்னலையே மேடையாக்கி, சாலையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு நாடகம் போட்டது. எந்த ஜன்னலைச் சாத்தி வைத்தார்களோ அதே ஜன்னல்.

2007இல் நடைமுறைக்கு வந்த 'சுத்த நகரம்' சட்டம் ஊரெங்கும் இருந்த விளம்பரப் பலகைகளை இறக்கியது. பலகைகள் இறங்கியதும் கட்டடங்களின் வெற்றுப் பக்கச்சுவர்கள் வெளியே தெரிந்தன. மின்யொக்காவ் ஓரத்தில் அந்தச் சுவர்களில் பல மாடி உயரத்துக்கு ஓவியங்கள் எழுந்தன. ஞாயிறு காலை பாலத்தின் மேல் நடந்தால், காசில்லாமல் பார்க்கும் ஓவியக்கூடம் அது. 2016இல் பாலத்தின் பெயரும் மாறியது. ராணுவம் 1964இல் கவிழ்த்த ஜனாதிபதி ஜோவாவ் கூலார்ட்டின் பெயர் இப்போது அதற்கு. கார்களிடமிருந்து இந்தப் பாலத்தைப் படிப்படியாக விடுவிக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டு நகரத் திட்டம் சொல்கிறது. இடிப்பதா, பூங்காவாக்குவதா என்ற வழக்கு ஓயவில்லை. பூங்காவானால் வாடகை ஏறும், இத்தனை காலம் இரைச்சலைப் பொறுத்துக் குடியிருந்தவர்களே வெளியேற நேரும் என்ற அச்சம் நியாயமானது.

இங்கிருந்து பாவ்லிஸ்டா பெருஞ்சாலைக்குப் போவோம். 1891இல் திறக்கப்பட்டபோது அது காப்பிச் செல்வந்தர்களின் மாளிகை வீதி. உள்ளே தோட்டம், வெளியே வேலி. பிறகு வங்கிகள் வந்தன. சில மாளிகைகளை நினைவுச்சின்னமாக அறிவிக்கப் போகிறார்கள் என்ற செய்தி கசிந்ததும், 1982இல் அவற்றை இரவோடிரவாக இடித்தார்கள். தப்பிய ஒன்று, 1935இல் கட்டிய ரோஜாக்களின் வீடு. இன்று அது கவிதைக்கும் இலக்கியத்துக்குமான பொது இல்லம். ரோஜாத் தோட்டத்துக்குள் யாரும் போகலாம்.

அதே சாலையில் மாஸ்ப் கலை அருங்காட்சியகம். அந்த மனை பழைய திரியானோன் காட்சிமேடை இருந்த இடம். அங்கிருந்து நகர மையத்தைப் பார்க்கும் பார்வையை மறைக்கக் கூடாது என்பது நிபந்தனை. ரோமில் பிறந்து 1946இல் பிரேசில் வந்த கட்டடக் கலைஞர் லீனா போ பார்தி, அருங்காட்சியகத்தை அப்படியே அந்தரத்தில் தூக்கி நிறுத்திவிட்டார். கீழே 70 மீட்டருக்கு மேல் ஒரு தூண்கூட இல்லாத வெளி. 1968இல் திறப்பு விழாவுக்கு இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் வந்தார். அந்த வெளியில்தான் ஊர் ஊர்வலத்துக்குக் கூடுகிறது, ஞாயிறுகளில் பழம்பொருள் சந்தை நடக்கிறது, மழைக்கு ஒதுங்குகிறது. உள்ளே ஓவியங்களைச் சுவரில் மாட்டாமல் கண்ணாடிப் பலகைகளில் நிறுத்தினார் லீனா. படத்தின் முதுகையும் சுற்றிப் பார்க்கலாம். 1996இல் அந்தக் கண்ணாடிகளை எடுத்துவிட்டார்கள். 2015இல் திரும்ப வைத்தார்கள். அந்தத் திரும்பல் இந்த ஊர் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. செவ்வாய்க்கிழமை போனால் நுழைவு இலவசம்.

அதே 2015இல்தான் பாவ்லிஸ்டாவும் ஞாயிறுதோறும் காருக்கு மூடப்பட்டது. வணிகம் படுத்துவிடும், ஆஸ்பத்திரிக்கு வழி கிடைக்காது என்று எதிர்ப்பு பலமாக இருந்தது. இன்று ஞாயிறு பாவ்லிஸ்டா இல்லாத சாவோ பாவ்லோவை அங்கே யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. நூறு அடிக்கு ஒரு பாட்டுக்குழு, நடனமாடும் முதியவர்கள், ஸ்கேட் பலகையில் பையன்கள். மொரெய்ரா சாலெஸ் நிறுவனத்தின் புகைப்படக் கூடமும் ஜப்பான் இல்லமும் 2017இல் இதே சாலையில் திறந்தன. அந்தச் சாலையின் பழைய விழா ஒன்றும் நேரம் மாறிவிட்டது. ஆண்டின் கடைசி நாளில் நடக்கும் சாவோ சில்வெஸ்த்ரே ஓட்டம் 1925இல் தொடங்கியது. பல்லாண்டுக் காலம் நள்ளிரவையொட்டி ஓடினார்கள். 1953இல் செக் நாட்டு எமில் சாட்டோபெக் வென்றது அப்படி ஓர் இரவில்தான். 1989இல் பிற்பகலுக்கும் 2012இல் காலைக்கும் மாற்றிவிட்டார்கள்.

இத்தனையிலும் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் காட்டும் இடம் செஸ்க் பொம்பேயா. செஸ்க் என்பது 1946இல் பிறந்த அமைப்பு. வணிக நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலில் 1.5 விழுக்காட்டை அதற்குக் கட்ட வேண்டும். கடைச் சிப்பந்திகளின் உடல்நலம், விளையாட்டு, கலை ஆகியவற்றுக்கு அந்தப் பணம். பொம்பேயா பேட்டையில் பழைய பீப்பாய் ஆலை ஒன்றை அது வாங்கியிருந்தது. இடித்துப் புதிதாகக் கட்டுவதே முதல் எண்ணம். 1970களில் லீனா அங்கே போய்ப் பார்த்தார். ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே பிள்ளைகள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள், பொம்மலாட்டம் நடந்துகொண்டிருந்தது, தாய்மார் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மகிழ்ச்சி ஏற்கெனவே இங்கே இருக்கிறது, அது கலையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அவர் முடிவெடுத்தார். ஆலையை இடிக்கவில்லை.

1982இல் அது திறந்தது. செங்கல் கொட்டகைகளுக்குள் நூலகம், பட்டறைகள், நாடக அரங்கு. தரையில் வளைந்து ஓடும் சிறு நீர்நிலை, அதற்கு சாவோ பிரான்சிஸ்கோ நதியின் பெயர். குளிர்காலத்தில் எரியும் பெரிய கணப்பு. பின்னால் 1986இல் எழுந்த கான்கிரீட் கோபுரங்களில் விளையாட்டுத் தளங்கள். ஒரு கோபுரத்துக்கு ஜன்னல் இல்லை. குகை வாய்போல ஒழுங்கற்ற துளைகள். கோபுரங்களுக்கு இடையில் காலி விடக் காரணம், அடியில் மூடி ஓடும் ஓர் ஓடை. அதன்மேல் கட்டடம் எழுப்ப முடியாது. அந்த நீண்ட பட்டையில் லீனா மரப்பலகை பாவினார். மக்கள் அதைக் கடற்கரை என்கிறார்கள். ஓடையைப் புதைத்த ஊரில், புதைத்த ஓடையின் மேல் படுத்து வெயில் காய்கிறார்கள். சதுரங்கம் ஆடும் கிழவரையும் கணப்பருகே தூங்கும் தொழிலாளியையும் எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. வாசலில் கட்டணம் கிடையாது. ஒரு நகரம் தன் மக்களுக்குத் தரக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்பது என் துணிபு.

இழப்பின் கணக்கும் உண்டு. சாவோ ஜோவாவ் சாலையின் பழைய திரையரங்குகள் பல மறைந்துவிட்டன. கொன்சொலசாவ் தெருவின் பெலாஸ் ஆர்த்தெஸ் திரையரங்கு மட்டும் 2011இல் மூடி, பார்வையாளர்களின் போராட்டத்தால் 2014இல் திறந்தது. கார்னிவல் நாட்களில் கடற்கரைக்கு ஓடிப்போகும் ஊர் என்று பெயரெடுத்த சாவோ பாவ்லோவில் இன்று நூற்றுக்கணக்கான தெருக் குழுக்கள் ஆடுகின்றன. மாநகராட்சி 2013இல் விதிகளை வகுத்த பிறகு வந்த வளர்ச்சி இது. ஆனால் பிஷிகா பேட்டையில் 1930இல் பிறந்த வாய்-வாய் சம்பா நடனப் பள்ளி, மெட்ரோ நிலையம் ஒன்றுக்காக 2021இல் தன் கூடத்தை இழந்தது. அங்கே தோண்டியபோது, அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பின மக்களின் சரகூரா குடியிருப்பு சார்ந்த தடயங்கள் 2022இல் கிடைத்தன. சம்பாவை அந்த மண்ணில் வைத்துக் காத்தவர்கள் அவர்களின் வழிவந்தவர்கள்.

மையத்தைச் சுற்றியே பேசினால் ஊரைப் பாதிதான் சொன்னதாகும். பெரும்பாலான உழைப்பாளிகள் இருப்பது விளிம்பில். அங்கே 2003 முதல் மாநகராட்சி கட்டிய செயு என்ற கல்வி வளாகங்களில் பள்ளியோடு நாடக அரங்கும் நீச்சல்குளமும் உண்டு. 2001இல் கவிஞர் செர்ஜியோ வாஸும் நண்பர்களும் தொடங்கிய கூப்பரிஃபா கவியரங்கு, தென் விளிம்பில் ஒரு சாராயக் கடையில் கூடுகிறது. வீட்டு வேலை செய்பவரும் ஓட்டுநரும் மாணவரும் சொந்தக் கவிதையை எழுந்து நின்று வாசிக்கிறார்கள். மையத்தில் உள்ளவர்களுக்குச் சாலை திறந்துவிடப்பட்டது. இவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

போகிறவர்கள் பயணத்தில் ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிறும் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மதியம் கறுப்பு பீன்ஸும் பன்றியிறைச்சியும் சேர்த்து வேகவைத்த ஃபெய்ஜோவாடா. புதன்கிழமையும் அது உண்டு. ஞாயிறு காலை தெருச்சந்தையில் சுடச்சுடப் பொரித்த பஸ்தெலும் கரும்புச்சாறும், பிறகு பாவ்லிஸ்டாவில் நடை, இரவு பீட்ஸா.

தியெத்தேயைச் சுத்தம் செய்யும் திட்டம் 1992இல் தொடங்கியது. எஸ்பேரியா சங்கம் இன்றும் அதே கரையில் இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் குளத்தில் நீந்துகிறார்கள். ஆற்றில் அந்தப் போட்டி 1944க்குப் பிறகு நடக்கவில்லை.