பீத்சா வகைகள்

பீத்சா (பேச்சு வழக்கில் பீட்சா) என்பது புளிக்க வைத்த கோதுமை மாவைத் தட்டையாக்கி, அதன் மேல் தக்காளிக் கூழ், பாலாடைக்கட்டி முதலியவற்றை இட்டு, வெப்பம் மிகுந்த அடுப்பில் சுட்டெடுக்கப்படும் உணவு ஆகும். இத்தாலியின் நாப்போலி நகரில் உருப்பெற்ற இவ்வுணவு, பிற ஊர்களுக்கும் நாடுகளுக்கும் பரவியபோது அந்தந்த இடத்தின் மாவு, அடுப்பு, எரிபொருள், பால் ஆகியவற்றுக்கு ஏற்ப மாற்றமடைந்தது. இவ்வாறு தோன்றிய வடிவங்களே பீத்சா வகைகள் எனப்படுகின்றன.

உணவகப் பட்டியல்களில் மேலே இடப்படும் காய்கறி, பனீர், இறைச்சி ஆகியவற்றைக் கொண்டே பீத்சாக்கள் பெயரிடப்படுகின்றன. ஆனால் ஒரு வகையை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவது மேலிடும் பொருள் அன்று. அடிப்பகுதியும் அது வெந்த விதமும் ஆகும். இவ்வேறுபாட்டை அறிந்தவர், பெயர் பெற்ற நிறுவனக் கிளை இல்லாத சிற்றூரிலும் நல்ல கடையை அடையாளம் காண முடியும். இக்கட்டுரை முதன்மையான வகைகளையும், நீலகிரி போன்ற மலைப்பகுதியில் பீத்சா சுடுவதன் தன்மையையும், நல்ல உள்ளூர்க் கடையை அறியும் முறைகளையும் விளக்குகிறது.

வரலாறு

தட்டையான ரொட்டியின் மேல் எண்ணெய், பூண்டு, மூலிகைகளை இட்டு உண்ணும் பழக்கம் மத்தியதரைக் கடல் நாடுகளில் மிகப் பழமையானது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. அது ரொட்டியுடன் சேர்ந்த பின்னரே இன்றைய பீத்சா உருவானது. 18ஆம் நூற்றாண்டில் நாப்போலியின் ஏழைத் தொழிலாளர்கள் தெருவில் வாங்கி நின்றபடியே உண்ணும் மலிவான உணவாக இது இருந்தது.

1889ஆம் ஆண்டில் அரசி மார்கெரித்தா நாப்போலிக்கு வந்தபோது, ரஃபேலே எசுப்போசித்தோ என்ற சமையற்காரர் தக்காளி, மொத்சரெல்லா பாலாடைக்கட்டி, துளசி இனத்தைச் சேர்ந்த பசில் இலை ஆகியவற்றைக் கொண்டு ஒரு பீத்சாவைச் செய்து, அதற்கு அரசியின் பெயரைச் சூட்டினார் என்று கூறப்படுகிறது. இக்கதைக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆவணத்தைக் குறித்து ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். எனினும் மார்கெரித்தா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்தோர் இவ்வுணவை ஐக்கிய அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றனர். நியூ யோர்க் நகரில் 1905ஆம் ஆண்டில் தொடங்கிய லொம்பார்டி கடை, அந்நாட்டின் முதல் பீத்சாக் கடை எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

வகையைத் தீர்மானிப்பவை

ஒரு பீத்சாவின் தன்மையைப் பின்வரும் கூறுகள் தீர்மானிக்கின்றன.

மாவு: கோதுமையில் உள்ள புரதம் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது இழுவைத்தன்மை உடைய பசையம் உருவாகிறது. நொதிமம் (ஈஸ்ட்) வெளியிடும் கரியமில வாயுவைப் பிடித்து வைப்பது இப்பசையமே. மாவு நெடுநேரம் மெதுவாகப் புளித்தால் சுவை கூடும். அவசரமாகப் பொங்க வைத்த மாவு உப்பும். ஆனால் சுவை இராது.

அடுப்பு: பீத்சா மூன்று வழிகளில் வேகிறது. அடுப்பின் தளக்கல் அடிப்பகுதியை நேரடியாகச் சுடுகிறது. குவிந்த கூரை மேற்பகுதியின் மீது வெப்பத்தை வீசுகிறது. உள்ளே சுழலும் காற்று எல்லாப் பக்கமும் உலர்த்துகிறது. இத்தகைய அடுப்பு தமிழில் வெதுப்படுப்பு எனப்படும். ஈழத்து வழக்கில் இது போறணை எனப்படுகிறது. இது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல் ஆகும். இத்தாலியரும் அடுப்பை ஏறத்தாழ இதே ஒலியில் 'ஃபோர்னோ' என்றே அழைக்கின்றனர்.

நேரம்: வெப்பம் மிகுந்தால் நேரம் குறையும். 450 பாகை செல்சியசில் ஒன்றரை நிமிடத்திற்குள் வெந்துவிடும் பீத்சாவின் உள்ளே ஈரம் தங்குகிறது. 250 பாகையில் பத்து நிமிடம் கிடக்கும் பீத்சா உலர்ந்து மொறுமொறுப்பாகிறது. ஒரே மாவு இரண்டு அடுப்புகளில் இரண்டு உணவுகளாக மாறுவது இதனால்தான்.

முதன்மை வகைகள்

நாப்போலி வகை: நடுப்பகுதி மெல்லியதாகவும் மென்மையாகவும், விளிம்பு உப்பியும் ஆங்காங்கே கருகிய புள்ளிகளுடனும் இருக்கும். விறகடுப்பில் 60 முதல் 90 நொடிகளில் சுடப்படும். 1984ஆம் ஆண்டில் நாப்போலியில் அமைக்கப்பட்ட சங்கம் ஒன்று இதன் செய்முறைக்கு விதிகளை வகுத்தது. 2010ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இதை மரபுவழிச் சிறப்பு உணவாகப் பதிவு செய்தது. 2017ஆம் ஆண்டில் நாப்போலிப் பீத்சாக் கலைஞர்களின் கலையை யுனெசுக்கோ மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

உரோமை வகை: வட்டமானது மிக மெல்லியதாகவும் முறுகலாகவும் இருக்கும். நீள்சதுரத் தட்டுகளில் சுட்டுத் துண்டாக்கி, எடை போட்டு விற்கப்படும் மற்றொரு வடிவமும் உரோமையில் உண்டு.

சிசிலி வகை: தடித்த, பஞ்சு போன்ற அடிப்பகுதி உடையது. வெங்காயம், நெத்திலி இன மீன், ரொட்டித் தூள் ஆகியவை மேலே இடப்படும்.

நியூ யோர்க் வகை: பெரிய வட்டமாகச் சுட்டுத் துண்டுகளாக விற்கப்படுவது. துண்டை நீளவாக்கில் மடித்து உண்ணும் அளவிற்கு வளையும், ஆயினும் முறியாது. தொடக்கத்தில் நிலக்கரி அடுப்பிலும், பின்னர் பெரும்பாலும் எரிவளி அடுப்பிலும் சுடப்பட்டது.

சிக்காகோ வகை: 1943ஆம் ஆண்டில் தொடங்கிய பீத்சேரியா ஊனோ என்ற கடையுடன் தொடர்புடையது. ஆழமான தட்டில் அரைமணி நேரம் அல்லது அதற்கு மேலும் வேகும். இவ்வளவு நேரத்தில் பாலாடைக்கட்டி மேலே இருந்தால் கருகிவிடும் என்பதால், அது அடியிலும் தக்காளிக் கூழ் அதன் மேலும் இடப்படுகின்றன.

டெட்ராயிட் வகை: 1946ஆம் ஆண்டு முதல் அறியப்படுவது. தானுந்துத் தொழிற்சாலைகளில் உதிரிப் பாகங்களை வைக்கப் பயன்பட்ட நீள்சதுர எஃகுத் தட்டுகளில் சுடப்பட்டது. விளிம்பில் உருகி முறுகிய பாலாடைக்கட்டி இதன் அடையாளம். ஓர் ஊரின் தொழிலே அவ்வூர் உணவின் வடிவத்தைத் தந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அன்னாசிப் பழத் துண்டுகள் இடப்படும் 'அவாய் பீத்சா' அவாய்த் தீவில் தோன்றியது அன்று. 1962ஆம் ஆண்டில் கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில், கிரேக்கத்தில் பிறந்த சாம் பனோபூலோசு இதை உருவாக்கினார். இதில் மாறியது மேலிடும் பொருள் மட்டுமே என்பதால், இதைத் தனி வகை எனக் கொள்ளாதோரும் உளர்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

பன்னாட்டு நிறுவனங்களான டோமினோசு, பீட்சா அட் ஆகியவை 1996ஆம் ஆண்டில் முறையே தில்லியிலும் பெங்களூரிலும் தம் முதல் இந்தியக் கடைகளைத் திறந்தன. அதே ஆண்டில் சென்னையில் பீட்சா கார்னர் தொடங்கியது. தொலைபேசியில் கேட்டால் வீட்டிற்கே கொண்டு வந்து தரும் முறையும் இவற்றால் பரவியது. பீத்சா கொண்டு செல்லும் இளைஞனை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட 'பீட்சா' என்னும் தமிழ்த் திரைப்படம் 2012ஆம் ஆண்டில் கார்த்திக் சுப்புராஜ் இயக்கத்தில் வெளிவந்தது. அதற்குள் இச்சொல் விளக்கம் தேவைப்படாத தமிழ்ச் சொல்லாகிவிட்டிருந்தது.

தமிழகத்தில் மூன்று வடிவங்களைக் காணலாம்.

நிறுவனக் கிளைகளின் பீத்சா: மாவு பொதுச் சமையற்கூடத்தில் பிசையப்பட்டுக் குளிரூட்டிய வண்டிகளில் கிளைகளுக்கு வரும். நகரும் பட்டையில் வைத்துச் சூடான காற்றால் சுடப்படும். எல்லா ஊரிலும் ஒரே சுவை இருப்பதே இதன் நோக்கம்.

விறகடுப்புப் பீத்சா: இத்தாலியரும் பிற வெளிநாட்டவரும் குடியேறிய ஆரோவில், புதுச்சேரிப் பகுதிகளில் வேரூன்றியது. பின்னர்ப் பெருநகரங்களிலும் மலைச் சுற்றுலா ஊர்களிலும் பரவியது.

வெதுப்பகப் பீத்சா: சிற்றூர் பேக்கரிகளில் பன், ரொட்டியுடன் சேர்த்துச் சுடப்படும் வட்டமான 'பீட்சா பேஸ்' மீது தக்காளிச் சாறு, வெங்காயம், குடைமிளகாய், பாலாடைக்கட்டி ஆகியவற்றை இட்டு மீண்டும் சூடாக்கித் தருவது. இது இத்தாலிய வகை எதனுடனும் முழுமையாகப் பொருந்தாது. ஆயினும் நிறுவனக் கிளைகள் எட்டாத ஊர்களின் மாணவர் பலருக்கு அறிமுகமாகும் முதல் பீத்சா இதுவே ஆகும்.

நீலகிரி மலையில்

நாடுகாணி, நீலகிரி மாவட்டத்தின் மேற்கு எல்லைப் பகுதியில் உள்ள சிற்றூர் ஆகும். கூடலூரிலிருந்து வரும் சாலை இங்கு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலைப்பாதை வழியாகக் கேரளத்தின் நிலம்பூருக்கு இறங்குகிறது. மற்றொன்று தேவாலா, பந்தலூர் வழியாகச் செல்கிறது. தாழ்நிலமான நிலம்பூர், ஏறத்தாழ 1000 மீட்டர் உயரமுள்ள கூடலூர் வட்டாரம், 2240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலம் ஆகிய மூன்றும் ஒரே சாலைத் தொடரில் அமைந்துள்ளன. ஒரே மாவை இம்மூன்று இடங்களிலும் பிசைந்தால் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

உயரம் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. உதகையில் இது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. எனவே மாவினுள் தோன்றும் வாயுக் குமிழ்கள் எளிதில் விரிகின்றன. மாவு தேவைக்கு மேல் பொங்கிச் சரியக்கூடும். நீரின் கொதிநிலை தாழ்நிலத்தில் 100 பாகை என்றால், 1000 மீட்டரில் ஏறத்தாழ 97 பாகையாகவும் உதகையில் 92 முதல் 93 பாகையாகவும் குறைகிறது. ஈரம் விரைவில் ஆவியாகி அடிப்பகுதி உலர்ந்துவிடும். ஆகவே மலையில் மாவிற்குச் சற்றுக் கூடுதல் நீரும் குறைந்த நொதிமமும் தேவை.

மறுபுறம், குளிர் நொதிமத்தின் வேகத்தைக் குறைக்கிறது. குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்கத் தாமதமாவதை மலைவாழ் மக்கள் நன்கு அறிவர். பீத்சாவிற்கு இத்தாமதம் ஒரு நன்மை. பெருநகரக் கடைகள் சுவைக்காக மாவைக் குளிர்ப்பெட்டியில் ஒன்று முதல் மூன்று நாட்கள் வைத்துப் புளிக்க விடுகின்றன. உதகையின் குளிர்கால இரவுகளில் இயற்கையே இவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது.

நீலகிரிக்குச் சுடுகலையும் புதிதன்று. ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றிய வெதுப்பகத் தொழிலின் சிறந்த விளைபொருள் ஊட்டி வர்க்கி ஆகும். அடுக்கடுக்கான, மொறுமொறுப்பான இத்தின்பண்டம் விறகடுப்பில் சுடப்படுவது. இதற்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் வாங்கும் நொதிமத்திற்கு மாற்றாக, வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை ஆகியவற்றைப் புளிக்க வைத்துப் பெறும் 'மாவா' இதில் சேர்க்கப்படுகிறது. நெடுநேரப் புளிப்பு, விறகு வெப்பம் ஆகிய இரண்டும் வர்க்கிக்கும் நாப்போலிப் பீத்சாவிற்கும் பொதுவானவை.

பால் தொழிலிலும் இம்மலைக்கு நீண்ட மரபு உண்டு. முத்துசாமி முதலியார் 1905ஆம் ஆண்டில் இங்கு தொடங்கிய வெண்ணெய் வணிகமே பின்னர் 'நீல்கிரிஸ்' கடைகளாக வளர்ந்தது. குன்னூருக்கு அருகே, திரைப்பட இயக்குநர் மன்சூர் கானின் ஏக்கர்ஸ் வைல்டு பண்ணையில் பாலாடைக்கட்டி செய்யப்படுகிறது. நாப்போலியைச் சூழ்ந்த கம்பானியாப் பகுதியின் புகழ்பெற்ற மொத்சரெல்லா எருமைப் பாலில் செய்யப்படுவது. உலகில் எருமைப் பால் மிகுதியாகக் கிடைக்கும் நாடு இந்தியாவே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

நல்ல கடையை அறிதல்

புதிய ஊரில் ஒரு பீத்சாக் கடையை மதிப்பிடப் பின்வருவன உதவும்.

* முதலில் மார்கெரித்தா போன்ற எளிய பீத்சாவை வாங்குதல் நன்று. மேலிடும் பொருள் மிகுந்தால் அடியின் குறை மறைந்துவிடும்.
* துண்டைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். பழுப்பும் கரும்புள்ளிகளும் கலந்திருந்தால் தளக்கல் நன்கு சூடேறியிருந்தது எனலாம். வெளுத்திருந்தால் அடுப்பின் வெப்பம் போதவில்லை.
* விளிம்பைப் பிய்த்தால் உள்ளே சிறிதும் பெரிதுமான துளைகள் தெரிய வேண்டும். ஒரே சீரான நெருக்கமான துளைகள் அவசரமாகப் பொங்கிய மாவின் அடையாளம்.
* மாவு கடையிலேயே பிசையப்படுகிறதா, எத்தனை மணி நேரம் புளிக்கிறது என்று கேட்கலாம். அக்கறையுள்ள கடைக்காரர் இதற்கு மகிழ்ச்சியுடன் விடை தருவார்.
* 'விறகடுப்பு' என்ற பலகை மட்டும் போதாது. ஒன்றரை நிமிடத்தில் வேகும் பீத்சாவில் புகையின் மணம் ஏறுவது மிகக் குறைவு. விறகின் பயன் அது தரும் வெப்பமே. அடுப்பு முழுமையாகச் சூடேறும் முன் சுட்டால் பயனில்லை.
* பாலாடைக்கட்டிக்கு மாற்றாகத் தாவர எண்ணெய் சேர்ந்த போலிப் பொருள் மலிவாகக் கிடைக்கிறது. இழுத்தால் நூல் போல் நீள்வதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்ட சேர்பொருள் பட்டியலே நம்பத்தக்கது.

ஒரு கடையை அதன் வகைக்குரிய அளவுகோலால் மதிப்பிடுவதே முறை. நாப்போலிப் பீத்சாவின் நடுப்பகுதி மென்மையாக இருப்பது குறையன்று. உரோமை வகையில் அது குறை ஆகும். அவ்வாறே, சிற்றூர் பேக்கரியின் பீத்சாவை நாப்போலியுடன் ஒப்பிடுதல் பொருந்தாது. அடிப்பகுதி அன்றே சுட்டதா, பாலாடைக்கட்டி உண்மையானதா, கேட்ட பின்னரே சூடாக்கித் தருகிறார்களா என்பவையே அதற்குரிய கேள்விகள். இம்மூன்றிற்கும் ஆம் என்று விடை கிடைக்கும் பேக்கரி, மலைச் சாலையின் ஓரத்தில் இருந்தாலும் நல்ல பீத்சாக் கடையே ஆகும்.