ஏடும் மத்தளமும்

மாரி கழிந்து, நெல்லரிவு முடிந்து, தைப்பொங்கலும் ஆகிவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு வேறொரு பருவம் வந்துவிடும். அது கூத்துப் பருவம். பகலிலே வெயில் ஏறத் தொடங்கும். இரவிலே மத்தளம் கேட்கத் தொடங்கும். தவக்காலம் பிறந்ததும் கிறிஸ்தவ ஊர்களிலே திருப்பாடுகளின் நாடகத்துக்கு ஆயத்தம் நடக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி என்று அம்மன் கோயில்களிலே பொங்கலும் மடையும் வரும்போது கோயில் வீதியிலே கொட்டகை எழும்.

எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு பழைய மதில் உண்டு. மரண அறிவித்தலும் மணவிழா வாழ்த்தும் மாறி மாறி ஒட்டப்படும் மதில் அது. இக்கிழமை அதிலே மூன்று நாடக அறிவித்தல்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று, காத்தவராயன் கூத்து, விடியவிடிய ஆடப்படும். மற்றொன்று, மயான காண்டம். இரண்டு மணித்தியாலத்தில் முடியும். மூன்றாவது, பாடசாலை மாணவர் தாமே எழுதி நடிக்கும் புதிய நாடகம். அதற்கு ஒரு மணித்தியாலம் போதும்.

அவற்றை வாசித்துக்கொண்டு நின்ற அயலவர் ஒருவர் என்னைக் கண்டதும், “பண்டிதர் ஐயா, மூண்டிலை எதைப் பாக்கலாம்?” என்று கேட்டார். “மூன்றையும் பாருங்கள்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “நீங்கள் இலக்கணக்காரர். உந்தக் கூத்து நாடகம் உங்களுக்குப் பிடிக்குமோ?” என்றார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. நியாயமான கேள்வியாதலாற் சுட்டது. அவருக்குச் சந்தியிலே நின்று சொல்லமுடியாத மறுமொழியை இங்கே எழுதுகின்றேன்.

இயல், இசை, நாடகம் என்று முத்தமிழைப் பற்றி மேடைதோறும் பேசுகின்றவர்கள் நாங்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடஞ் சொல்லும்போது, அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல், கோலின் அளவு இருபத்துநான்கு பெருவிரல் என்று கணக்குத் தப்பாமற் சொல்லுவோம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரைச்சீலைகளையும் வகுத்துக் காட்டுவோம். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடக நூல்கள் தம் காலத்திலேயே முழுமையாகக் கிடைக்கவில்லை என்று அடியார்க்கு நல்லார் குறித்ததைச் சொல்லி வருந்துவோம்.

நூல்கள் இறந்தன, உண்மை. ஆயின் கூத்து இறக்கவில்லை. வட்டுக்கோட்டையிலே வடமோடியாகவும், குருநகர், பாசையூர் முதலிய கரையோர ஊர்களிலே தென்மோடியாகவும், பல ஊர்களிலே காத்தவராயன் கூத்தாகவும் அது ஆடிக்கொண்டே இருந்தது. இறந்த நூலுக்கு அழுத நாம், வீதியிலே ஆடியவனைத் திரும்பிப் பார்த்தோமில்லை. ‘கூத்தாடி’ என்ற நல்ல சொல்லை வசைச்சொல் ஆக்கியவர்களும் நாமே. ஆடியவரிற் பலர் சமூகத்தாலே ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்பதும் அதற்கு ஒரு காரணம். இதை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை.

என் கதைக்கு வருகின்றேன். கீழைத்தேயக் கல்லூரியொன்றிலே கற்றுப் பண்டிதர் பட்டம் பெற்ற புதிதில், அயலூர் அண்ணாவியார் ஒருவர் என்னிடம் ஒரு கூத்து ஏட்டைக் கொண்டுவந்தார். ஏடு என்பது பெயரளவில்தான். பழைய அப்பியாசக் கொப்பியிலே பெயர்த்தெழுதிய பிரதி. “எழுத்துப் பிழை இருந்தால் பாத்துத் தாருங்கோ, ஐயா” என்றார். எழுத்துப் பிழை பார்க்கத் தந்ததை நான் இலக்கணப் பிழை பார்க்கத் தந்ததாகக் கொண்டேன். ரகரம் மொழிக்கு முதலாகாது என்பது விதி. ஆகவே ‘ராசன்’ என்று வந்த இடமெல்லாம் ‘இராசன்’ என்று திருத்தினேன். ‘வாறேன்’ என்பதை ‘வருகின்றேன்’ ஆக்கினேன். சிவப்பு மை தீருமட்டும் திருத்தினேன். பெருமையோடு கொடுத்தும் விட்டேன்.

ஒத்திகைக்கு என்னை அழைத்தார்கள். கொலுவுக்கு வரும் அரசன் பாட்டெடுத்தான். மத்தளத்தின் முதல் அடி ‘ரா’ என்ற நெடிலிலே விழவேண்டும். நான் போட்ட ‘இ’ இடையிலே வந்து நின்றது. ஆட்டக்காரனின் கால் ஒருபுறம் போயிற்று. தாளம் மறுபுறம் போயிற்று. மீண்டும் எடுத்தான், மீண்டும் இடறினான். அண்ணாவியார் மத்தளத்திலிருந்து கையை எடுத்தார். கோபமின்றிச் சொன்னார்: “ஐயா, நீங்கள் திருத்தினது ஏட்டுக்குச் சரி. மத்தளத்துக்குச் சரிவரேல்லை.”

நான் பல ஆண்டுகள் கற்றதில் இப்படி ஒரு சூத்திரம் இல்லை. அன்று அவர் பழைய கொப்பியையே எடுத்து ஆடுவித்தார். கூத்து விடியும்வரை குறையின்றி நடந்தது.

மதிலிலுள்ள முதல் அறிவித்தலைப் பார்த்து, ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து காண்பதற்கு அதில் என்ன இருக்கின்றது என்று இளைஞர் கேட்கலாம். கதை எல்லோருக்கும் தெரிந்ததே. காத்தவராயன் ஆரியமாலையை விரும்புவான்; குலம் தடுக்கும்; ஈற்றிலே கழுமரம் ஏறுவான். இரவு வளர வளர, ஒரே காத்தவராயனை ஒருவர்பின் ஒருவராகப் பலர் ஆடுவர். ஊரிலே ஒரு மைந்தனுக்கன்றிப் பலருக்கும் அந்த வேடம் வாய்க்கின்றது. கழுமரக் காட்சி வரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். பாயிலே தூங்கிய பிள்ளைகளைத் தாய்மார் தட்டி எழுப்புவர். கைகூப்பிய கூட்டத்தின் நடுவிலிருந்து அதைக் கண்டவர், காவியத்தின் முடிவை ஏட்டிலே மாத்திரம் வாசித்தவரிலும் ஒருபடி கூடுதலாக அறிந்தவர்.

பழைய உருவம் பழைய பொருளையே தாங்கும் என்பதும் இல்லை. மாவிட்டபுரத்திலே 1968ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தையொட்டி எழுந்த ‘கந்தன் கருணை’ என்னும் நாடகம், காத்தவராயன் கூத்தின் பாணியிலேயே மேடையேறிற்று. குலத்தடையைச் சொன்ன மெட்டு, கோயில் வாசலின் தடையையும் சொல்ல வல்லதாயிற்று.

இனி, இரண்டாவது அறிவித்தல். அரிச்சந்திரனின் மயான காண்டம் என்றதும், காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவை (1924 – 1989) நினையாத யாழ்ப்பாணத்தவர் இலர். தமிழ்நாட்டிலே சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த இசைநாடக மரபு, இங்கே அவருடைய வசந்த கான சபாவிலே ஊர்தோறும் சென்றது. இறந்த மகனைச் சுமந்து சந்திரமதி சுடலைக்கு வருவதும், அவளை யாரென்றறியாத அரிச்சந்திரன் முழத்துண்டும் காற்பணமும் கேட்பதும், பிறர் கண்ணுக்குத் தோன்றாத தாலி அவன் கண்ணுக்குத் தோன்றுவதும் எத்தனை முறை கண்டாலும் நெஞ்சை உருக்குவன.

இன்று அதே காண்டத்தைப் புதிய தலைமுறையினர் சுருக்கியும், விளையாட்டுச் சேர்த்தும் ஆடுகின்றனர். இது பழமைக்கு இழுக்கு என்று முறையிடுவோர் உளர். எரிபொருளுக்கு நாடெங்கும் நெடுவரிசைகள் நின்ற 2022ஆம் ஆண்டுக்குப் பின்னர் நான் பார்த்த ஓர் ஆட்டத்திலே, பபூன் வந்து, சுடலைக்குப் பிணங் கொண்டுவருவோரையும் வரிசையில் நிற்கச் சொன்னான். கொட்டகை அதிரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் சந்திரமதி உள்ளே வந்தாள். சிரித்த அதே கண்கள் கலங்கின. தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தது நினைவுக்கு வந்தது. அந்த வைப்பின் பொருளை எனக்கு விளக்கிய உரையாசிரியன் அந்தப் பபூன்.

சுருக்குதலும் மாற்றுதலும் இன்று தொடங்கியவை அல்ல. சென்னையிலே 1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், சேக்ஸ்பியரின் ஹம்லெத்தை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தமிழ் மேடையில் உலாவவிட்டார். அவர் வழியைப் பின்பற்றியவர் நம்மவராகிய கலையரசு க. சொர்ணலிங்கம். 1913இல் தோன்றிய இலங்கை சுபோத விலாச சபையோடு அவர் பெயர் பிரிக்க முடியாதது. விபுலாநந்த அடிகளோ 1926இல் ‘மதங்க சூளாமணி’ எழுதி, அந்த ஆங்கிலப் புலவனைத் தமிழ் நாடக இலக்கணத்தின் முன் நிறுத்திப் பார்த்தார்.

கூத்தைப் பொறுத்தமட்டில், பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணி பெரிது. எதிரிவீர சரச்சந்திரர் 1956இல் ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை அரங்கேற்றினார். அதற்கு அடியாயமைந்த நாடகம என்ற வடிவம், தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்து பிறந்தது. நம் வீட்டு விதை அயல்வீட்டிலே காய்த்த பின்பே நாம் நம் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தோம். வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு, விடியவிடிய ஆடுங் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கி, 1962இல் ‘கர்ணன் போர்’, அதன்பின் ‘இராவணேசன்’ முதலியவற்றைத் தந்தார். இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் ‘சங்காரம்’ எழுதி, வடமோடி ஆட்டத்தாற் சமுதாய மாற்றத்தையும் பேசலாம் என்று காட்டினார்.

இதிலே இழப்பு இல்லையென்று சொல்லேன். மேடைக்கு வந்தபோது கூத்து வட்டக்களரியை இழந்தது. ஊரோடு சேர்ந்து விழித்திருக்கும் இரவை இழந்தது. ஆனாற் கற்றோர் கூத்தை மதிக்கத் தொடங்கியதும் அப்போதுதான். சுருக்கம் கூத்துக்கு ஒரு வாயில். வாயிலிலே நின்று திரும்பிவிடாமல் உள்ளே சென்று, முழுக்கூத்தையும் பார்ப்பது நம் கடன்.

மூன்றாவது அறிவித்தல், புதிய நாடகம். இங்கே என் இரண்டாவது பிழையைச் சொல்லவேண்டும். ஒருமுறை சுட்டும் அறியாத கை இது. சில ஆண்டுகளின் முன் என் மாணவி ஒருத்தி ஒரு நாடகம் எழுதிவந்தாள். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு சென்றுவிட, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் ஒரு கிழவியின் கதை. தொலைபேசியிலே கிழவி மகனிடம், “சாப்பிட்டியோ, மோனை?” என்று கேட்கிறாள். நான் அதை அடித்து, “உணவு அருந்தினாயா, மகனே?” என்று எழுதினேன். ஒத்திகையிலே அந்த இடத்தில் நடிக்கும் பிள்ளைகளே சிரித்துவிட்டார்கள். எழுதிய பிள்ளை சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “ஐயா, எங்கடை அம்மம்மா இப்பிடிக் கதைக்க மாட்டா” என்றாள்.

அண்ணாவியாரின் மத்தளம் மீண்டும் கேட்டது போல இருந்தது. இம்முறை நானே என் திருத்தத்தை அடித்துவிட்டேன். நாடகம் நடந்த அன்று அந்த வரியைக் கேட்டு மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்த முதியவள் ஒருத்தி சேலைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். அவளுடைய பிள்ளைகள் எந்த நாட்டிலே என்று நான் கேட்கவில்லை.

பேச்சுத் தமிழை மேடையேற்றியவர் தமிழறியாதவர் என்று எவரும் எண்ணவேண்டா. புலோலி தந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, ஏழாம் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்களின் மொழியை ஆராய்ந்து லண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவரே 1940இல் ‘நானாடகம்’ வெளியிட்டு, யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்துப் பேச்சை அப்படியே பாத்திரங்களின் வாயில் வைத்தார். கல்லிலே வெட்டிய தமிழையும் காற்றிலே போகும் தமிழையும் ஒருங்கே மதிக்கத் தெரிந்தவர் அவர். தொல்காப்பியனார் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் சேர்த்துப் பேசியதன் கருத்தை அவர் செய்துகாட்டினார்.

அவ்வழியை வேறொரு தளத்துக்குக் கொண்டுசென்றவர் குழந்தை ம. சண்முகலிங்கம். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவி, நடிப்பைப் பயிற்சியாக்கினார். 1985இல் மேடையேறிய அவருடைய ‘மண்சுமந்த மேனியர்’ நெருக்கடிக் காலத்திலே ஒரு மண் தன்னைத்தான் பார்த்த கண்ணாடியாயிற்று. ‘எந்தையும் தாயும்’ பிள்ளைகளைப் பிறநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் பெற்றோரைப் பேசிற்று. 2025இல் அவர் மறைந்தார். என் மாணவி எழுதிய கிழவி அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டிலே இருப்பவள். அவளை எழுத இன்னும் பலர் வேண்டும்.

போர்க்காலத்திலே விடியவிடிய ஆடுதல் அரிதாயிற்று. இடப்பெயர்விலே கொப்பிகள் தொலைந்தன. அண்ணாவிமார் பலர் மறைந்தனர். இன்று நாடகமும் அரங்கியலும் பாடசாலையிலே பாடம், பல்கலைக்கழகத்திலே பட்டம். பாடத்துக்குப் பரீட்சகர் போதும். ஆட்டத்துக்குப் பார்வையாளர் வேண்டும். நாற்பது ஆட்டக்காரர் பல மாதம் பழகி ஆடும் கூத்தை நாற்பது பேரே பார்த்தால், அடுத்த ஆண்டு அந்த மதிலிலே ஓர் அறிவித்தல் குறையும்.

ஆகையால் அயலவருக்கு என் மறுமொழி இது. ஐயா, மூன்றையும் பாருங்கள். கூத்துக்கு ஒரு பாயும், பனிக்கு ஒரு சால்வையும் கொண்டுபோங்கள்; பேரப்பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். மயான காண்டத்திலே பபூன் சொல்வதற்குச் சிரிக்க வெட்கப்படாதீர்கள். மாணவர் நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கிப் போங்கள். இலவசமாக இடங் கேளாதீர்கள். நானும் வருவேன். சிவப்பு மைப் பேனாவை வீட்டிலே வைத்துவிட்டு வருவேன்.