எஃப் கார்டு ஏன் படுத்துகிறது?

கிட்டார் வாங்கிய சில வாரங்களிலேயே பலர் அதை மூலையில் சாய்த்துவிடுகிறார்கள். ‘எனக்கு இசை வராது’ என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு. ஸ்டீல் தந்தி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 கிலோ எடை தொங்கும் அளவு இழுவிசையில் நிற்கிறது. அந்த மெல்லிய கம்பி விரல்நுனியில் கோடாகப் பதிவதால்தான் எரிகிறது; சில வாரங்களில் தோல் தடித்துவிடும். எஃப் கார்டு என்ற சுரக்கூட்டுக்கோ ஆள்காட்டி விரல் முதல் கட்டத்தில் ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டும். தந்தியைத் தாங்கியிருக்கும் நட்டுக்கு அருகே தந்தி எளிதில் வளைந்து கொடுக்காது. அதே கைவடிவத்தை ஐந்தாம் கட்டத்துக்கு நகர்த்திப் பாருங்கள், அழுத்தம் சட்டெனக் குறையும். ஒரு நொடியில் திறமை வளர்ந்துவிடவில்லை, இடம்தான் மாறியது.

சிறுவயதில் தொடங்காத விரல் பழகாது என்பார்கள். சீக்கிரம் தொடங்கியவர்களின் மூளையில் இடக்கை விரல்களுக்கான பகுதி கூடுதலாக விரிந்திருப்பதை 1995-இல் ஓர் ஆய்வு காட்டியது உண்மைதான். ஆனால் 2002-இல் வெளியான இன்னோர் ஆய்வில், புதிய விரல் அசைவு வரிசையைக் கற்ற பெரியவர்கள், ஓர் இரவு தூங்கி எழுந்ததும் மேலும் பயிற்சி இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். ஆகவே, இன்று தடுமாறும் கார்டோடு நள்ளிரவுவரை மல்லுக்கட்டாதீர்கள். தூங்கி எழுந்து, காலையில் மீண்டும் கிட்டாரை எடுங்கள்.