கல்லீரல் ஆபரேஷன் முடிந்ததா? கால்களையும் கவனியுங்கள்!

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இனிமே ஒரு மாசத்துக்கு நீங்க அசையவே கூடாது!"

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரிடம் நாம் பாசத்தோடு சொல்லும் வார்த்தை இது. ஆனால், கல்லீரல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இந்தப் பாசமே ஆபத்தாகிவிடலாம். அசையாமல் படுத்தே இருந்தால் கால் சிரைகளில் ரத்தம் தேங்கி, உறைந்து, கட்டியாகலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

ரத்தம் ஏன் உறைகிறது?

ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள், உறைய விடாமல் தடுக்கும் புரதங்கள் என இரண்டையுமே பெருமளவு தயாரிப்பது கல்லீரல்தான். ஒரு தராசின் இரண்டு தட்டுகள் மாதிரி. கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும்போது இரண்டு தட்டுமே ஆட்டம் காணும். ரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். அளவு கூடியிருந்தால், "ரத்தம் நீர்த்துப்போச்சு, இனி உறையாது" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அந்தப் பரிசோதனை ஒரு தட்டை மட்டுமே காட்டும், ஐ.என்.ஆர். கூடியிருப்பவருக்கும் ரத்தம் உறையலாம்.

கால்களில் மட்டுமல்ல, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையிலும் கட்டி உருவாகலாம். மாற்றுக் கல்லீரல் பொருத்தியவர்களுக்குக் கல்லீரல் தமனி அடைபட்டால் புதிய கல்லீரலே பாதிக்கப்படும். முதல் சில நாட்களில் டாப்ளர் ஸ்கேன் அடிக்கடி எடுப்பது இதற்காகத்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து நடக்கச் செய்யுங்கள். வீட்டுக்குள்ளேயே நாலு தடவை நடந்தாலும் நல்லதுதான்.
* படுத்திருக்கும்போதும் பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.
* ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசி எழுதிக்கொடுத்திருந்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள். புற்றுநோய்க்காக ஆபரேஷன் ஆனவர்களுக்கு 4 வாரம் வரைகூடத் தொடரச் சொல்வதுண்டு. செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.
* ஊசி போடும் நாட்களில் ஈறில் ரத்தம் கசிந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.
* மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ வேண்டாம்.

இவை அபாய அறிகுறிகள்

ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் வலி, சூடு, சிவப்பு ஆகியவை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். "சுளுக்கா இருக்கும்" என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள், கட்டி இடம்பெயர்ந்துவிடலாம். வயிற்று வலி கூடினாலோ, வயிறு உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் சேவை இலவசம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104.

டிஸ்சார்ஜ் சீட்டையும் மருந்துச் சீட்டையும் இப்போதே போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். அவசரத்தில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், "எப்போ ஆபரேஷன், என்ன ஊசி?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பதில் உங்கள் கையிலேயே இருக்கட்டும்!