அரை நிமிட விருந்தாளி

2010 ஜனவரியில் 'பேபி' என்ற பாட்டு வெளியானபோது ஜஸ்டின் பீபருக்கு வயது 15. கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சிறு நகரத்தில் வளர்ந்து, யூடியூபில் பாடிப் பேர்வாங்கி, அமெரிக்காவின் அட்லாண்டாவுக்கு வந்து சேர்ந்த பையன். பாட்டின் நடுவே ஏறக்குறைய அரை நிமிடம் வந்துபோகும் ராப்பர் லூடாக்ரிஸுக்கு 32 வயது. அட்லாண்டா ராப் உலகில் பெரிய பெயர். அதற்கு முன்பு அந்த ஊர் வானொலியில் டிஸ்க் ஜாக்கி. பள்ளி வயதுக் காதல் பாட்டில் இவருக்கு என்ன வேலை?

பாட்டைக் கழற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

'பேபி'யை ஓட்டுவது நான்கே கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கட்டுகள்: இ-ஃபிளாட் மேஜர், சி மைனர், ஏ-ஃபிளாட் மேஜர், பி-ஃபிளாட் மேஜர். பழகிய வரிசைதான். 1950களின் டூ-வாப் எனும் குழுக்குரல் பாடல்கள் பலவும் இதில் உருண்டவை, 1961இல் வெளியான பென் ஈ. கிங்கின் 'ஸ்டாண்ட் பை மீ'யும் அப்படியே. செக்குமாடு போல இந்த நான்கும் சுற்றிக்கொண்டே இருப்பதால் பல்லவி ஒரே கேட்பில் மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அதே காரணத்தால் காது சீக்கிரம் சலித்தும் போகிறது. இரண்டாம் முறை பல்லவி முடியும் இடம்தான் ஆபத்தான இடம்.

சரியாக அங்கேதான் லூடாக்ரிஸ் நுழைகிறார். கார்டுகள் மாறவில்லை, குரல் மாறிவிடுகிறது. கீச்சென்ற உச்சக் குரல் ஓய்ந்து, அடித்தொண்டைப் பேச்சு வருகிறது. நீண்டு வளைந்த சுரங்கள் போய், தாளத்தின் மேல் சொற்கள் நெருங்கி விழுகின்றன. சொல்லும் சேதியும் கெட்டிக்காரத்தனமானது: தன் 13 வயதுக் காதலை ஒரு பெரியவர் நினைத்துப் பார்க்கிறார். பையனின் அழுகையை வளர்ந்தவர்களும் கேட்கலாம் என்று அனுமதிச் சீட்டு கிழித்துத் தருவதுபோல. அவர் விலகியதும் பல்லவி குளித்துவிட்டு வந்ததுபோல் புதிதாகக் கேட்கிறது.

விருந்தாளி ராப் 'பேபி'யை உருவாக்கியவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1984இலேயே சக்கா கானின் 'ஐ ஃபீல் ஃபார் யூ' மெல்லி மெல்லின் ராப்போடுதான் தொடங்கியது. 'பேபி'யைத் தயாரித்த ட்ரிக்கி ஸ்டூவர்ட், தி-ட்ரீம் இருவருக்கும் பங்கிருந்த ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா'வில் (2007) ஜே-ஸீ, கூத்தின் கட்டியங்காரன் மாதிரி, பாடகிக்கு முன்னால் வந்து நிற்பார். அதே கைகள் மூன்று ஆண்டு கழித்து ராப்பை வாசலிலிருந்து நடுக்கூடத்துக்கு நகர்த்தின. கட்டியம் கூற அல்ல, இளைப்பாற்ற.

அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் பாட்டு 5ஆம் இடத்தைத் தாண்டவில்லை. யூடியூபில் கதை வேறு: 2010 ஜூலையில் அதிகம் பார்க்கப்பட்ட வீடியோவாகி, 2012 நவம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டு முந்தும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அதிக 'டிஸ்லைக்' வாங்கியதும் நெடுங்காலம் இதுவே. வெறுத்தவர்களும் முழுசாகக் கேட்டிருப்பார்கள் போல!

பாட்டு உலகைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே பீபருக்குக் குரல் உடைந்தது. பதிவில் எட்டிய சில சுரங்கள் மேடையில் எட்டவில்லை. சுருதியைக் கீழே இறக்கிப் பாட வேண்டியதாயிற்று. ராப்புக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. பேச்சுக்கு எந்தச் சுருதியும் சம்மதம்தானே.