உங்களுக்குத் தெரியுமா? 'அசிஸ்ட்' என்றால் பக்கத்தில் நிற்பது!

'உதவு' என்று நாம் பொருள் சொல்லும் 'அசிஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே அதன் நேர்ப்பொருள், பக்கத்தில் நிற்பது. நாம் 'துணை நிற்பது' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்! பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் அந்தப் பழைய வாசம் இன்னும் போகவில்லை. ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் இதே சொல்தான். ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த வேண்டாம்.

ஆங்கிலத்தில் 'ஹெல்ப்' வீட்டுப் பேச்சு என்றால், 'அசிஸ்ட்' கொஞ்சம் கஞ்சி போட்ட சட்டை. பெரும்பாலும் முக்கிய வேலை இன்னொருவருடையது, 'அசிஸ்ட்' செய்பவர் கூட நிற்பவர். கால்பந்தில் இது அப்பட்டமாகத் தெரியும். 1986 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மரடோனா தட்டிவிட்ட பந்தை சக வீரர் புருச்சாகா ஓடிப்போய் வெற்றி கோலாக்கினார். கோல் புருச்சாகா கணக்கில், மரடோனாவுக்கு 'அசிஸ்ட்'.

ஒரு எச்சரிக்கை. ஒருவர் 'போலீஸ் விசாரணைக்கு அசிஸ்ட் செய்கிறார்' என்று பிரிட்டிஷ் நாளிதழில் படித்தால், நல்ல மனிதர் என்று பாராட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் போலீஸ் சந்தேகப்படுவதே அவரைத்தான்.